செண்பகம் எதையும் பூட்டவில்லை

செண்பகவல்லி எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் நம் அலுவலகத்தில் சொல்கிறார்கள். ஒரகடத்தில் நம் வேலைமுறைத் தாள்கள் தொங்கும் தொழிற்சாலைகளில் சொல்கிறார்கள். சுங்குவார்சத்திரத்தில் அவர் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் லாக் பண்ணிட்டுப் போயிடுச்சாமே அந்தம்மா!"

இது தவறு. செண்பகம் எதையும் பூட்டவில்லை, எதையும் அழிக்கவும் இல்லை. இந்தப் பேச்சு எப்படிப் பிறந்தது என்பது எனக்குத் தெரியும். அது பிறந்த நேரத்தில் நானே அதற்குப் பக்கத்தில் இருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை என் மாணவி என்றார். அதுவும் தவறு. நான் யாருக்கும் ஆசிரியையாக இருந்ததில்லை. அவர் யாருக்கும் மாணவியாக இருக்கக்கூடியவரும் அல்லர். நாங்கள் ஒரே அறையில் எதிரெதிர் மேசைகளில் வேலை பார்த்த இரண்டு பெண்கள். அவ்வளவுதான். அதுவே பெரிது.

செய்தி வந்த காலையில் நான் சேரப்பணஞ்சேரியில் என் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். பனி இறங்கியிருந்தது. கம்பெனிப் பேருந்துகள் உள்விளக்கை அணைத்துக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடியில் சாய்ந்த தலைகள், கழுத்தில் அடையாள அட்டைகள், மூடிய கண்கள். ஊரின் மிச்சத் தூக்கத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகிற வண்டிகள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அப்போதுதான் கன்னியப்பனின் அழைப்பு வந்தது. தாள்களை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறை போடும் கன்னியப்பனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் ஊர்க்காரர்தான்.

"மேடம், செம்பகக்கா பூட்டாங்க மேடம்" என்றார்.

"எதை?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம்?"

"எதைப் பூட்டினார் என்று கேட்கிறேன்."

பிறகு வந்த குரல் வேறாக இருந்தது. "எதையும் பூட்டல மேடம். அவுங்களே பூட்டாங்க. கோயில்பட்டில, அவுங்க அக்கா வூட்ல. நேத்து மத்தியானம் துன்னுட்டுப் படுத்தவங்க, எய்ந்துக்கவே இல்லியாம்."

இந்தப் பக்கத்துப் பேச்சில் 'பூட்டாங்க' என்றால் போய்விட்டார்கள் என்று பொருள். பேருந்து போனாலும் 'பூட்டுச்சு'தான், உயிர் போனாலும் 'பூட்டுச்சு'தான். திருமணமாகி வந்த நாள்முதல் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தக் காலையில் என் காது அந்தச் சொல்லுக்குச் சாவியைத் தேடியது. சாவியும் பூட்டுமாக இருந்தால் திறந்துவிடலாம் அல்லவா?

கன்னியப்பன் அடுத்ததாக நம் உரிமையாளர் நாச்சிமுத்துவை அழைத்தார். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். "எல்லாத்தையும் அப்டி அப்டியே வுட்டுட்டு பூட்டாங்க சார்" என்று கன்னியப்பன் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அழுகைக்கு நடுவே நாச்சிமுத்துவின் காதில் விழுந்தது 'எல்லாத்தையும்', 'பூட்டாங்க' என்ற இரண்டு சொற்கள்தாம். நாச்சிமுத்து பதறி அலுவலகத்துக்கு வந்தார். எல்லோருடைய கோப்புகளும் வந்து சேரும் நடுக் கணினியைத் திறந்து செண்பகத்தின் கோப்புறைக்குள் பார்த்தார். அது காலியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்குச் சாட்சி வேறு வேண்டியிருக்கவில்லை.

கோப்புறை ஏன் காலியாகத் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், செண்பகம் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

என் கணவர் மறைந்த பின் நான் இந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். தொழிற்சாலை லைனில் நிற்கும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் தொங்கும் வேலைமுறைத் தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுப்பது நம் தொழில். எந்தத் திருகை முதலில் போடுவது, எவ்வளவு இறுக்குவது, எங்கே கையை வைக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். அதில் பிழை இருந்தால் ஒருவர் விரல் போகும். ஆகவே நான் பிழை பொறுப்பதில்லை. இதற்காக என்னைக் கடுமையானவள் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

எனக்கு மூன்று கணினிகள் வேண்டியிருந்தன. வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, தொழிற்சாலைக்கு எடுத்துப்போய்த் தாளை இடத்திலேயே சரிபார்க்க மடிக்கணினி ஒன்று. கான்வென்டில் படிக்கும்போது விடுமுறையில் தட்டச்சு கற்றவள் நான். என் விரல்களுக்குத் தெரிந்தது பழைய தமிழ்த் தட்டச்சு விசைமுறை. வீட்டுக் கணினி அதற்குப் பழகியிருந்தது. அலுவலகக் கணினியில் 'க' அடித்தால் வேறு எழுத்து வந்தது. மடிக்கணினியோ நான் எழுதிய தமிழுக்கெல்லாம் அடியில் சிவப்புக் கோடு போட்டது. அறுபது வயதைத் தாண்டி நான் எழுதும் தமிழுக்கு ஒரு பெட்டி சிவப்புக் கோடு போடுவதா? நேராகச் செண்பகத்தின் மேசைக்குப் போனேன். தொழிற்சாலைகள் கழித்துத் தள்ளிய பழைய கணினிகளை வாங்கி, அவற்றில் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி ஓடவைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"எழுதிக் குடுங்க மேடம்."

"இப்போதுதானே சொன்னேன்?"

"வாயால சொன்னா மனுசனே மறந்துருதான். மெசின் எங்கன ஞாபகம் வைக்கும்? எழுதுனத மட்டுந்தான் அது நம்பும்."

எழுதிக் கொடுத்தேன், எண் போட்டு. அவர் தாளைக் கையில் வாங்கி, முதலில் தூரப் பிடித்துப் பார்த்தார், ஓவியத்தைப் பார்ப்பதுபோல். "கான்வென்ட்டுல படிச்சீங்களோ?"

"ஆமாம். ஏன்?"

"குறை சொல்லுததக் கூட மார்ஜின் விட்டு எழுதிருக்கீங்க."

இப்படித்தான் தொடங்கியது. அதற்கடுத்த வாரம் அலுவலகக் கணினியின் முன் உட்கார்ந்தேன். என் விசைமுறை இருந்தது, என் எழுத்தளவு இருந்தது, நான் வைக்கும் பக்க ஓரம் இருந்தது. மடிக்கணினியைத் திறந்தேன், அங்கேயும் அப்படியே. சிவப்புக் கோடு இல்லை. மாலையில் வீட்டுக்குப் போய்த் திறந்தால், காலையில் அலுவலகத்தில் நான் சேர்த்த ஒரு புதிய குறுக்குவிசை அங்கே எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. சில கனவுகளில் எந்த ஊருக்குப் போய் எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே நம் அறையே இருக்கும். ஜன்னல் அதே பக்கம், நாற்காலி அதே கோணத்தில். விழித்தால் கலைந்துவிடும். இது விழித்திருக்கும்போதே நடந்தது. நான் சற்று நேரம் ஒன்றும் அடிக்காமல் விசைகள் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்கு அதை விளக்கியதும் நினைவிருக்கிறது. "ஒங்க பழக்கமெல்லாம் சின்னச் சின்னக் கோப்பா எழுதி வச்சிருக்கு மேடம். முன்னால அது ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் தனித்தனியாக் கெடந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்த கெடையாது. இப்ப எல்லாத்தையும் நடுவுல ஒரு எடத்துல வச்சுட்டேன். காலையில ஒவ்வொரு பெட்டியும் வந்து எடுத்துக்கிடும். சாயங்காலம் புதுசா இருந்தா கொண்டாந்து போட்டுட்டுப் போவும்."

"அந்தக் கோப்புகள் எங்கே? எனக்குத் தெரியவில்லையே."

"தெரியாது. இங்கன பாருங்க, பேருக்கு முன்னால ஒரு புள்ளி. புள்ளி வச்சா கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கும்."

"எங்களுக்குப் பள்ளியில் புள்ளி வைத்தால் மெய் என்று சொல்லிக்கொடுத்தார்கள்."

"இதுவும் மெய்தான். பின்ன நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

அடக்கம் என்பது அவரிடம் கிடையாது. "என்னய மாதிரி ஆளு இந்த ரோட்டுல ஒண்ணு கெடையாது, பெங்களூரு வரைக்கும் போய்ப் பாருங்க" என்பார். நான் பார்க்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அந்த நடுக் கோப்புறைக்குப் பெயர் வைத்தது கன்னியப்பன். அவர் கணினி ஒருநாள் புகைந்து நின்றுவிட்டது. செண்பகம் அவரை மூலையில் கிடந்த வேறொரு கணினியின் முன் உட்கார வைத்தார். திரை ஒளிர்ந்ததும் கன்னியப்பனின் மகள் படம் வந்தது, அவர் பெரிதாக்கி வைத்திருக்கும் எழுத்துகள் வந்தன, அவர் அச்சுப்பொறி அமைப்பு வந்தது.

"யக்கா! இன்னாக்கா இது, நம்ம வூடு மாரியே கீது!"

செண்பகம் அந்தக் கணமே கோப்புறைக்கு 'வூடு' என்று பெயர் அடித்தார். நான் என் மேசையிலிருந்து, "வீடு என்று எழுதுங்கள்" என்றேன்.

"அவன் வாயில வந்தது வூடு. பேரு வச்சவன் சொன்ன மாதிரிதான் கூப்புடணும். ஒங்க பேர நான் திருத்துதேனா?"

அந்தப் பெயரால் வந்த கதையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

தொழிற்சாலைகளிலிருந்து வரும் குறிப்புகளில் பேச்சுத் தமிழ் நிறைய இருக்கும். அவற்றைத் தானாகத் திருத்த என்னிடம் ஒரு சொற்பட்டியல் இருந்தது. இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் திருத்தம். செண்பகம் எழுதிய ஒரு சிறு நிரல் நாள்தோறும் மாலை அலுவலகம் மூடும்போது அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நடுக் கணினியில் இருப்பவற்றையெல்லாம் திருத்திவிட்டுப் போகும். ஒருமுறை ஒரு தொழிற்சாலை வாயிலில் வைக்க ஓர் அறிவிப்பு வந்தது: 'வேலை முடிந்து பத்திரமாக வூடு போய்ச் சேருங்கள்.' நான் பட்டியலில் வூடு என்பதற்கு எதிரே வீடு என்று சேர்த்தேன். சேர்த்தது முற்றிலும் சரி. அறிவிப்பும் அன்று மாலையே சரியானது.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு கணினியும் தன் ஆளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. எல்லாத் திரைகளும் வாங்கிய நாளில் இருந்ததுபோல் வெறும் நீலமாக நின்றன. விசைமுறை இல்லை, எழுத்தளவு இல்லை, கன்னியப்பனின் மகள் இல்லை. அவரவர் தம் நாற்காலியிலேயே விருந்தாளிபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"மேடம், நம்ம வூட்டக் காணோம் மேடம்!" என்றார் கன்னியப்பன்.

செண்பகம் வந்து பார்த்தார். உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. என் திருத்தம் அறிவிப்போடு நிற்கவில்லை. எங்கே போய் எடுக்க வேண்டும் என்று கணினிகளுக்கு எழுதிவைத்திருந்த வரிக்குள்ளும் புகுந்து, அங்கிருந்த வூட்டையும் வீடாக்கிவிட்டது. கணினிகள் காலையில் எழுந்து, எழுதியிருந்தபடி வீட்டைத் தேடியிருக்கின்றன. அப்படி ஒன்று இல்லாததால் தாங்களே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு, அந்த வெறும் வீட்டில் குடியேறிவிட்டன.

"ஊரு பூராத்தையும் ஒரே நாள்ல குடி பேத்துட்டீங்களே மேடம்!"

"என் திருத்தம் சரியானது" என்றேன்.

"திருத்தம் சரிதான். வீடுதான் காலி."

என் திருத்தத்தை அவர் நீக்கவில்லை. நீக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. 'வீடு' என்ற பெயரை 'வூடு' இருக்கும் இடத்துக்கே சுட்டும்படி செய்தார். எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். "கதவு ரெண்டு, உள்ள அடுப்பு ஒண்ணு" என்றார். "நீங்க ஒங்க கதவால வாங்க. கன்னியப்பன் அவன் கதவால வரட்டும்." நிமிடத்தில் திரைகள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. கன்னியப்பனின் மகள் திரும்பி வந்தாள். இன்றுவரை நான் என் கதவால்தான் போய் வருகிறேன்.

அவர் இருந்த அறைகளைப் பற்றியும் எழுத வேண்டும். உங்களில் பலர் அவரை அலுவலகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். டிப்ளமா முடித்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து மின்னணுத் தொழிற்சாலை வேலைக்கு வந்த நாள்முதல் வாடகை அறைகளில்தான் இருந்தார். சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, பிறகு எங்கள் சேரப்பணஞ்சேரி. அறைக்காரர்கள் ஏதாவது காரணம் சொல்வார்கள், இவர் மூட்டையைக் கட்டுவார். ஒரு மழைக்கால மதியம் மடிக்கணினியைக் கொடுக்கப் போனேன். அப்போதுதான் எங்கள் ஊர் ஏரிக்கரைப் பக்கம் புது அறைக்கு வந்திருந்தார். நான் உட்கார்ந்ததும் மின்சாரம் போயிற்று. மேகம் கவிந்து அறை இருட்டாகவே இருந்தது. அவர் எழுந்து, எதையும் தடவாமல், டார்ச்சை எடுத்தார், தம்ளரை எடுத்தார், தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"வந்து இரண்டு நாள்தானே ஆகிறது?" என்றேன்.

"சுங்குவார்சத்திரம் ரூம்லயும் டார்ச்சு இதே ஒசரத்துல ஆணியிலதான். தம்ளரு வலது கைப்பக்கம். எந்த ரூமுக்குப் போனாலும் மொத வேல அதுதான் மேடம். ரூமு மாறும். கை மாறக் கூடாது."

அவர் கட்டில் மட்டும் கோணலாகக் கிடந்தது, ஜன்னலைப் பார்த்து. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அது இந்த ரூமுக்குன்னு. இங்கன ஏரி இருக்குல்லா. எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு வைக்கக் கூடாது. ஒவ்வொரு ரூமுக்கும் ஒண்ணு விட்டுக் குடுக்கணும். பெட்டிக்கும் அப்படித்தான்."

மழை நிற்கும்வரை அந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தோம். அக்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போவது தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தது. மழைத்துளி விழவிழ அவை நெளிந்து கலைந்து, கூடி, மறுபடி போயின. எது சாலை, எது நீர் என்று தெரியவில்லை. ஒரு மணி நேரம் இருந்திருப்போம், அல்லது அதிகம். இப்போது அந்த மதியத்தை நினைத்தால் அதற்கு நீளமே இல்லை.

பெட்டிக்கும் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்குப் புரிந்தது என் வீட்டில்தான்.

என் வீட்டுக் கணினி என் கணவர் வாங்கியது. கடைசி ஆண்டுகளில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. திரையில் ஓடும் அம்புக்குறியை மிகப் பெரிதாக, மஞ்சள் நிறத்தில் வைத்துக்கொண்டார். அவர் போன பின்னும் நான் அதைத் தொடவில்லை. செண்பகம் என் கணினியை வூட்டோடு இணைக்க வந்த அன்று அந்த அம்பைப் பார்த்தார்.

"இது யாருக்கு மேடம்?"

"அவருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. 'ஐயோ பாவம்' என்ற பார்வை எதுவும் அவரிடமிருந்து வரவில்லை. அதற்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். எல்லாக் கணினிக்கும் பொதுவானதை வூட்டில் வைத்தார். இந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியதை இதிலேயே தனிக் கோப்பில் எழுதினார். பின்னொரு நாள் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அம்பின் அளவும் நிறமும் இருந்தன. மேலே ஒரு வரி இருந்தது. தொடக்கத்தில் ஒரு குறி போட்டால் அந்த வரியைக் கணினி படிக்காமல் தாண்டிவிடும். பின்னால் வரும் மனிதர்களுக்காக எழுதும் வரி அது. அவர் எழுதியிருந்தார்: 'இந்தப் பெட்டியில் அம்பு பெரிசு. மாத்தக் கூடாது. ஏன்னு கேக்கவும் கூடாது.'

இத்தகைய தனிக் கோப்பு உங்கள் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கிறது. தொழிற்சாலைப் பயிற்சி அறைகளில் நாம் கொடுத்திருக்கும் கணினிகளிலும் இருக்கிறது. காலையில் கணினி இயங்கத் தொடங்கியதும் மேலே ஒரு வரி வந்து மறையுமே, அது அங்கிருந்துதான் வருகிறது. கன்னியப்பனுக்கு 'வந்துட்டியாடா, தாள் இருக்கான்னு மொதல்ல பாரு.' எனக்கு 'வாங்க மேடம். இன்னைக்கு யாரத் திருத்தப் போறீங்க?' அவர் போன பிறகும் அது நாள்தோறும் கேட்கிறது. நான் நாள்தோறும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

காரியம் முடிந்து இரண்டொரு நாள் கழித்து நாச்சிமுத்துவின் அறைக்குப் போனேன். கன்னியப்பனும் கூட வந்தார். காலி என்று அவர் சொன்ன அந்த 'வூடு' கோப்புறையை எனக்குத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். வெள்ளைத் திரை. நான் விசைப்பலகையை என் பக்கம் இழுத்து இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். மறைந்தவற்றைக் காட்டும் விசைகள். செண்பகம் எனக்கு என்றோ சொல்லிக்கொடுத்தது. ஏரியடியிலிருந்து மீன்கள் மேலே வருவதுபோல் கோப்புகள் திரையை நிறைத்தன. ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி.

"ஏனுங்கம்மா, இத்தன நாளா இங்கயேதான் இருந்துச்சுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"இங்கேயேதான். அவர் பூட்டவில்லை. புள்ளி வைத்திருந்தார்."

"இந்தத் தம்பிதானுங்க பூட்டிட்டாங்கன்னு சொன்னாப்ல."

"நான் எங்க சார் சொன்னேன்? பூட்டாங்கன்னுதான சொன்னேன்!"

"அதையேதானுங்க நானும் சொல்றேன்!"

செண்பகம் இருந்திருந்தால் முந்தானை மறுபடி நனைந்திருக்கும். நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஆனால் அதற்குள் நாச்சிமுத்து வெளியாட்களிடம் வேலையைக் கொடுத்திருந்தார். இந்த மாதக் கடைசியில் அவர்கள் வந்து எல்லாக் கணினிகளிலும் இருப்பதைத் துடைத்து அழித்து, ஒரே மாதிரியாக அமைத்துவிடுவார்கள். பொதுக் கோப்புகளை நான் பிரதி எடுத்துவிட்டேன். ஆனால் உங்கள் தனிக் கோப்புகள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கின்றன. துடைத்தால் அவை போய்விடும். செண்பகம் ஒவ்வொருவரையும் எப்படிக் கவனித்தார் என்பதற்கு இவ்வுலகில் வேறு தடயம் கிடையாது.

நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். நாச்சிமுத்து கெட்டவர் அல்லர். "இதைய யாருங்கம்மா பயன்படுத்தறாங்க?" என்று கேட்டார்.

"எல்லோரும்."

"ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலீங்களே."

உண்மைதான். தண்ணீர் மொள்ளும் கைக்குத் தம்ளர் எங்கே என்ற நினைப்பே வராதபடி செய்வதுதான் செண்பகத்தின் வேலை. நீங்கள் அதைப் பயன்படுத்துவது உங்களுக்கே தெரியாது.

"பயன்படுத்தறவங்க எழுத்துல குடுத்தா வெச்சுக்கலாமுங்க. யாரு எழுதிக் குடுக்கறாங்களோ அவங்க பெட்டியைத் தொட மாட்டாங்க. மத்ததெல்லாம் துடைச்சுருவாங்க. அவ்வளவுதானுங்க என்னால முடியும்" என்றார். நியாயமான பேச்சு. செண்பகமும் இதைத்தான் கேட்டிருப்பார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை இவை. ஒரே அடுப்புக்குப் போகும் இரண்டு கதவுகள். காலையில் என்னைக் கேலி செய்யும் ஒரு வரி. என் கணவரின் பெரிய மஞ்சள் அம்பு, யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்ற உத்தரவோடு. சென்ற வாரம் என் கட்டிலையும் நகர்த்திப் போட்டேன். என் ஜன்னலிலிருந்து ஏரி தெரியாது. பேருந்துகள்தாம் தெரியும், விடியலில், தூங்கும் தலைகளோடு. பரவாயில்லை. இந்த அறைக்கு அதுதான்.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் அல்லள். இப்போது கேட்கிறேன். உங்கள் கணினியில் செண்பகம் வைத்தது இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை, உங்கள் பெயரையும் அந்தக் கணினி இருக்கும் இடத்தையும் குறித்து, ஒரு வரியில் எழுதுங்கள். தாளில் எழுதிக் கன்னியப்பனிடம் கொடுக்கலாம், அல்லது எனக்கு மின்னஞ்சல் அனுப்பலாம். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். மாதம் முடிவதற்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.